டோர்லாவின் சுவரில் ஓர் ஆணி

மீன் பிடிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்கள்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பிடிக்கிறார்கள், வறுத்துத் தின்கிறார்கள், கிடைக்காவிட்டால் ஏரியை நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். மீன் பிடிப்பதற்கான சாமானைச் செய்துகொண்டே இருக்கிற இனம். வட விஸ்கான்சினில் எங்கள் ‘புரோக்கன் ஓர்’, அதாவது உடைந்த துடுப்பு, ஏரிப் பக்கம் வந்தால் இவர்களைத் தேடி அலைய வேண்டாம். பெட்ரோல் போட நின்றாலே போதும். பக்கத்து வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, நீங்கள் கேட்காமலே தகட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

எந்தத் தகடு? மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீனுக்குத் தூண்டிலில் போடும் ஸ்பின்னரின் தகடு. ஒரு தடித்த கம்பி. அதன் தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு தகடுகள், தண்ணீரில் இழுத்தால் சுழல்வதற்கு. பின்னால் மான்வால் மயிரில் கட்டிய பாவாடை, பாவாடைக்குள் மூன்று முனை முள். அவ்வளவுதானே என்று நீங்களும் நானும் நினைப்போம். நினைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாய்விட்டுச் சொல்லிவிட்டால், தகடு ஒன்பதாம் நம்பரா பத்தாம் நம்பரா, வட்டமா நீள்வட்டமா, பித்தளையா செம்பா, வழுவழுப்பா சுத்தியலால் கொத்தியதா, மயிர் துப்பாக்கியில் விழுந்த மானுடையதா வண்டியில் அடிபட்ட மானுடையதா, மேகத்துக்குக் கறுப்பு என்றால் வெயிலுக்கு ஏன் வெள்ளி, தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும் ஏரியில் ஆரஞ்சு ஏன் எடுபடும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் கையிலிருந்த ஐஸ்கிரீம் முழங்கை வரைக்கும் வந்திருக்கும்.

இந்த இனத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் டெல்மர் ஸ்கோக்லண்டை எடுத்துக்கொள்ளலாம்.

முப்பது வருஷம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். நல்லவர். அவருடைய கார் ஷெட்டுக்குள் கார் நுழைந்து ஒன்பது வருஷமாகிறது. உள்ளே ஒரு காலத்தில் தோசை மாதிரி பான்கேக் வார்த்த வாணலியில் இப்போது ஈயம் உருகுகிறது. மனைவி ஆர்டிஸின் நகப்பூச்சு முழுவதும் தகடுகளில் காய்கிறது. வீட்டு நாய் பெப்பருக்குக் கறுப்பு வால், நல்ல நீளமான மயிர். டெல்மர் கையில் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டால் அது பின்பக்கமாகவே நடந்து அறையை விட்டுப் போகும்.

புது ஸ்பின்னர் ஒன்று முடிந்ததும் குளியல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்ப்பார். தகட்டின் அதிர்வு கைக்கு வரவேண்டும். எவ்வளவு வரவேண்டும் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

"அதிருது பாரு ஆர்டிஸ்! இங்க கைய வச்சுப் பாரு!"

"அதிரட்டும். நான் குளிக்கணும், வெளிய வா."

ஒன்பது வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்பின்னர்கள். மீன்? அதை ஏன் கேட்கிறீர்கள். மீன் இல்லை. ஆனால் "பின்னாடி வந்துச்சு" என்பது நாற்பத்தொரு தடவை. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மஸ்கி மற்ற மீன்களைப்போல வந்ததும் கவ்வாது. படகு வரைக்கும் ஸ்பின்னரின் பின்னாலேயே வரும், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்க்கும், பதில் சொல்லாமல் போய்விடும். அதற்காகத்தான் இங்கே எல்லோரும் ஸ்பின்னர் படகருகில் வந்ததும் அதைத் தூக்காமல், தூண்டில் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, வண்டி உரிமத்துக்குப் போடுகிற மாதிரி ஓர் எட்டு போடுவார்கள். பின்னால் மீன் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் எட்டு. அந்த எட்டில்தான் பாதி மீன்கள் மாட்டுகின்றன. டெல்மரும் ஒரு காலத்தில் எட்டு போட்டவர்தான். ஸ்பின்னர் செய்ய ஆரம்பித்த பிறகு விட்டுவிட்டார். ஏனென்றால் ஸ்பின்னர் பக்கத்தில் வந்தால் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டாமா? தகடு ஒழுங்காகச் சுற்றியதா, மயிர் விரிந்ததா, யார் பார்ப்பது?

இப்போது ஆணிக்கு வருகிறேன்.

டோர்லா வெஸிங்கின் சாப்பாட்டு விடுதியில், மதுமேடைக்கு மேலே உள்ள சுவரில், ஐம்பது அங்குலத்துக்கு மேல் மஸ்கி பிடித்தவர்களின் மீன்கள் தொங்கும். அசல் மீனை அளந்து, படமெடுத்து, ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். சுவரில் இருப்பது அளவெடுத்துச் செய்த நகல். ஆர்டிஸின் தம்பி லெராய்க்கு அங்கே இரண்டு மீன்கள் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பொரித்த மீனும் மூன்றாவது பிராந்தியும் உள்ளே போனபின் டெல்மர் எழுந்து நின்று, லெராயின் மீன்களுக்குப் பக்கத்தில் அடுத்தது தன்னுடையது என்று அறிவித்தார். டோர்லாவும் குஷியில் ஐஸ் உடைக்கும் சுத்தியலை எடுத்து அங்கேயே ஓர் ஆணி அடித்துக் கொடுத்தாள். அதன்பிறகு ஊரில் அவரைத் தெரியாதவர்களுக்கும் அந்த ஆணியைத் தெரியும். வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அது டெல்மரோட ஆணி" என்பார்கள். டெல்மர் அந்த ஆணிக்குக் கீழே உள்ள முக்காலியில்தான் உட்காருவார். அந்த ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை அந்த ஆணி. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, நம்மில் பலருக்கு அதுகூடக் கிடையாது.

இந்தக் கோடையில் டோர்லா சொன்னாள்: "டெல்மர், செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் அந்த ஆணியில கடிகாரம் மாட்டிடுவேன்."

"கடிகாரமா? என் ஆணியிலயா?"

"ஒன்பது வருஷமா சும்மாதானய்யா இருக்கு. மணி என்னன்னு கேக்குறவனாவது பாப்பான்."

டெல்மருக்கு அன்று பொரித்த மீன் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் நேராக ஷெட்டுக்குள் போனார். இனிமேல் விளையாட்டில்லை. செப்டம்பர் கடைசியில் வெயில் சாய்ந்து அடிக்கும், வெயிலுக்கு வெள்ளி. கடையில் விற்கும் வெள்ளிப் பூச்சுத் தகடுகளை நகத்தால் சுண்டிப் பார்த்தார். எல்லாம் டப்பென்றது. அவருக்கு வேண்டியது டிங். அந்த டிங் அவருக்குத் தெரியும். எங்கோ கேட்டிருக்கிறார். எங்கே?

சாப்பாட்டு அறை அலமாரியின் மேல்தட்டில். மாமியார் பெர்த்தாவின் வெள்ளித்தட்டு. அந்தம்மா கல்யாணத்துக்கு வந்த தட்டு. ஆர்டிஸ் அதை ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருப்பாள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் எடுத்து, ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனை அதில் அடுக்கிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பாள். டெல்மர் தட்டை எடுத்துச் சுண்டினார். டிங்.

அப்புறம் என்ன நடந்தது என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. தகரம் வெட்டும் கத்தரி சுலபமாக இறங்கியது. பத்தாம் நம்பர் அளவில் இரண்டு வட்டங்களை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் இருக்கிறது, அதற்குள் ஆணியில் மீன் ஏறிவிடும், சுவரில் மீன் உள்ளவனை எந்த மனைவி தட்டுக்காகத் திட்டுவாள் என்பது அவர் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை வந்தது. துளி மேகமில்லை. படகில் மூன்று பேர். முன்னால் டெல்மரும் அவருடைய மூன்று பெட்டி ஸ்பின்னர்களும், பின்னால் லெராய். ஆர்டிஸ் தானும் வருவதாகச் சொல்லி, வான்கோழி சாண்ட்விச் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். ஆணி போகிற கவலையில் மனிதர் தண்ணீரில் விழுந்துவைப்பார் என்ற பயம் அவளுக்கு.

லெராயிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்பின்னர். கறுப்பு. மீன்கள் கடித்துக் கடித்து அதன் பாவாடை பழைய பல் துலக்கும் பிரஷ் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதை வீசுவார், இழுப்பார், எட்டு போடுவார், மறுபடி வீசுவார். பேச்சே கிடையாது. டெல்மர் பெட்டியைத் திறப்பார், வானத்தைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், ஒன்றை மாட்டுவார், இரண்டு தடவை வீசிவிட்டு அவிழ்ப்பார்.

"மச்சான், காலைலேருந்து நான் நூறு தடவ வீசிட்டேன். நீ எத்தன?"

"பதினாலு. ஆனா ஒவ்வொண்ணும் யோசிச்சு வீசுனது."

பன்னிரண்டு மணிக்கு, வெயில் நன்றாக ஏறியபோது, டெல்மர் சட்டைப் பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்தார். காலுறைக்குள்ளிருந்து அந்த வெள்ளி ஸ்பின்னர் வெளியே வந்தது. ஆர்டிஸ் அப்போது சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

முதல் வீச்சு. கம்பு வழியாக அந்த அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறி முழங்கைக்கு வந்தது. டெல்மரின் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷம் எதற்காகச் செய்தாரோ அது இதுதான். இரண்டாவது வீச்சு. நீர்ச்செடிகள் மண்டிய இடத்தின் ஓரமாக இழுத்துக்கொண்டே வந்தார். படகருகே பத்தடியில் இடது தகடு ஒரு சுற்று தயங்கியதுபோல அவருக்குப் பட்டது. பட்டதா, உண்மையா? பார்த்துவிடவேண்டியதுதான்.

தூக்கினார்.

ஸ்பின்னர் சொட்டச் சொட்ட ஆர்டிஸின் மூக்குக்கு நேரே வந்து ஆடியது. அதன் கீழே, சற்றுமுன் அது இருந்த இடத்தில், தண்ணீருக்கு ஓரடி ஆழத்தில், துடுப்பு நீளத்துக்கு ஒரு மஸ்கி வந்து நின்றது. ஐம்பதுக்கு மேல், சந்தேகமேயில்லை. காணாமல்போன தகட்டைத் தேடுவதுபோல அசையாமல் நின்றது.

"மச்சான்," என்றார் லெராய் மெதுவாக. "கீழ பாரு. எட்டு போடு. எட்டு போடு!"

டெல்மர் பார்த்தார். கம்பைத் தாழ்த்தப் போனார். தாழவில்லை. ஆர்டிஸ் ஒரு தகட்டைக் கையில் பிடித்திருந்தாள். தகட்டின் விளிம்பில் கொடியாக வளைந்த ஓர் எழுத்து, பாதியில் வெட்டுப்பட்டு. அவள் அம்மா பெயரின் முதலெழுத்து.

"டெல்மர். இது என்ன?"

"விடு ஆர்டிஸ், அப்புறம் சொல்றேன்."

"எங்கம்மா தட்டு. எங்கம்மா தட்ட வெட்டிருக்க."

"கண்ணு, மீன் நிக்குது. ஒரே ஒரு நிமிஷம் விடு!"

"நிக்கட்டும். அதுவும் கேக்கட்டும்."

மீன் நின்றது. உண்மையாகவே நின்றது. இந்த ஏரியில் அப்படி நின்ற மஸ்கியை நான் கேள்விப்பட்டதில்லை. லெராய் தன் நரம்பைச் சரசரவென்று சுற்றி எடுத்து, கம்பைத் தன் மச்சான் கையில் திணித்தார். அவரே அந்த மீனைப் பிடித்திருக்கலாம், ஆனால் செய்யவில்லை. ஆணி யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"இந்தா, என்னோடத விடு. சீக்கிரம். எட்டு மட்டும் போடு போதும்."

டெல்மர் கம்பை வாங்கினார். நுனியில் தொங்கிய தேய்ந்த கறுப்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது.

"கறுப்பா?" என்றார். "இந்த வெயில்லயா?"

அவ்வளவுதான். மீன் வாலை ஒருமுறை அசைத்தது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

பேசாமல் இருந்திருந்தால் டெல்மர் அன்றே மன்னிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் மெல்ல நோட்டை எடுத்து, நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டு, நிமிர்ந்து சொன்னார்:

"பாத்தீங்கல்ல? பின்னாடி வந்துச்சு! ஆர்டிஸ், உங்கம்மா தட்டுக்குத்தான் வந்துச்சு!"

ஆர்டிஸ் சாண்ட்விச்சுகளைத் திரும்பக் கட்டிப் பைக்குள் வைத்தாள்.

அன்று மாலை டோர்லாவின் விடுதியில் கடிகாரம் தயாராக இருந்தது. டோர்லா ஏணியில் ஏறப்போனாள். அப்போது ஆர்டிஸ் ஒரு ஃபிளானல் மூட்டையோடு உள்ளே வந்தாள்.

"டோர்லா, அந்தக் கடிகாரத்த வேற எங்கயாவது மாட்டிக்கோ. ஆணிக்கு ஆள் வந்தாச்சு."

தானே ஏணியில் ஏறினாள். மூட்டையைப் பிரித்து, அம்மாவின் வெள்ளித்தட்டை, ஒரு வட்ட ஓட்டை வழியாக ஆணியில் மாட்டினாள். இன்னோர் ஓட்டை வழியாகச் சுவரின் பலகை தெரிந்தது. ஒரு பக்கம் லெராயின் இரண்டு மீன்கள், பக்கத்தில் தட்டு. யாரோ வாயில் பீரை வைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார்கள், அது சமையற்கட்டு வரைக்கும் போனது.

டோர்லா சற்றுப் பின்னால் போய் நின்று பார்த்தாள். "கடிகாரத்தவிட நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எத்தன அங்குலம்?"

டெல்மர் தன் முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. வெட்கம் உண்மையானது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆர்டிஸிடம் மன்னிப்புக் கேட்டார், அதுவும் மனதாரத்தான். இனி ஷெட்டைக் காலி செய்கிறேன் என்றுகூடச் சொன்னார். அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து அவருடைய பிராந்தியை எடுத்துக் குடித்தாள். எல்லாம் சுமுகமாக முடிந்ததென்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு டெல்மர் தலையைத் தூக்கி, தட்டை வெகுநேரம் பார்த்தார். லெராய் பக்கம் சாய்ந்தார்.

"நடுவுல பாரு," என்றார் ரகசியமாக. "ஒன்பதாம் நம்பர்ல இன்னும் ரெண்டு தகடு வரும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. போன வருஷம் நாவல் எழுதுவதற்கென்று ஒரு தடித்த நோட்டு வாங்கினீர்களே, மை ஊறாத தாள்தான் வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கி, அது இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது? நடைப்பயிற்சிக்காக வாங்கிய செருப்பு? மாவு அரைக்காத மாவு மிஷின்? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். கையில் எதையாவது வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும், தயவுசெய்து ஒருமுறை கீழே தண்ணீரைப் பாருங்கள். அது இன்னும் நின்றுகொண்டிருக்கலாம்.