இரவல் அடுப்புக்கு ஒரு பூச்சு

அடுப்பின் மூடியெங்கும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. உதவி மேலாளர் ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது.

"வாசக்கதவுக்கு வாங்கின பெயின்ட்டை அடுப்புல அடிச்சா வேற என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"கதவும் வெயில்லதானே நிக்குது?"

கறியைப் புகையிலேயே வேகவைக்கும் அந்த இரும்பு அடுப்பு மேலாளருடையது. வீட்டு விருந்துக்கு இரவல் கேட்டபோது, "துருப்பிடிச்சுக் கிடக்குதேய்யா, உனக்கெதுக்கு?" என்று தட்டிக் கழிக்கத்தான் பார்த்தார். பெரிய மனிதரின் அடக்கம் என்று உதவி மேலாளர் உருகிப்போனார். துருவை நீக்கிப் புத்தம்புதிதாகத் திருப்பிக் கொடுத்தால் பதவி உயர்வு தானாக வீடு தேடி வரும் என்று மனக்கோட்டையும் கட்டிவிட்டார். விருந்து முடிந்துவிட்டது; இன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

சூடு தாங்கும் பெயின்ட் வாங்கி வந்தார். மனைவி டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"பழசை முழுசா சுரண்டணுமாம். மெல்லிசா அடிக்கணுமாம்."

"அதெல்லாம் விஷயம் தெரியாதவங்களுக்கு எழுதினது."

பழையதன் மேலேயே தடிமனாகப் பூசினார். சீக்கிரம் காயட்டும் என்று விறகை அள்ளிப்போட்டு மூட்டினார். கரும்புகை எழுந்தது. "ஐயோ, தீ!" என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அடுப்பு சொறி பிடித்த எருமை மாதிரி நின்றது.

உதவி மேலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு! பதவி போச்சு, மானம் போச்சு!"

"முதல்ல உப்புத்தாளை எடுங்க," என்றாள் மனைவி.

விரல் தோலும் சேர்ந்து உரியத் தேய்த்தார். டப்பாவில் சொன்னபடியே மெல்லிசாகப் பூசி, இளஞ்சூட்டில் காயவைத்தார். அடுப்பு கடையிலிருந்து இறங்கியதுபோல் மின்னியது.

மேலாளர் வீட்டு வாசலில் அதை இறக்கியதும், மேலாளருடைய மனைவியின் தம்பி ஓடி வந்தான்.

"மாமா! இப்படியொரு அடுப்பை வெச்சுக்கிட்டு மூச்சே விடலையே? ஒரு மாசம் எங்க வீட்ல இருக்கட்டும்!"

மேலாளரின் கண்கள் கலங்கின. உதவி மேலாளரை ஒருமுறை பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டார்.

"சந்தோஷத்துல பேச்சே வரலை, பாத்தியா?" என்றார் உதவி மேலாளர், பக்கத்தில் நின்ற மேலாளர் வீட்டு டிரைவரிடம்.

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கெடுத்தீங்களே சார்! மச்சானுங்க யாரும் இரவல் கேக்கக்கூடாதுன்னு, ஐயா தினம் உப்புத்தண்ணி தெளிச்சு வளர்த்த துரு சார் அது!"