தள்ளுவண்டி

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அன்றைக்கும் டிராயிங் வாத்தியாரின் பழைய கார் கிளம்பவில்லை.

பக்கத்துப் போர்ஷனிலிருந்து தம்பி வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளினான். தெருமுனையில் எஞ்சின் உறுமியதும் திரும்பிப் போய்விட்டான்.

அப்பாவின் கார் யாருக்கு என்று மூண்ட சண்டையில் அண்ணன் தம்பி பேச்சு நின்று ஏழு வருஷம். தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. காரையும் பிடுங்கிக்கொண்டு, அதைத் தம்பியையே தள்ள வைக்கிறான் பார் என்று தெரு சிரிக்காதா? வாத்தியாருக்கு மானம் போயிற்று.

"டைனமோ காலம் போச்சு சார். ஆல்டர்னேட்டர் போட்டா பேட்டரி நல்லா சார்ஜ் ஏறும்," என்றான் மெக்கானிக்.

போட்டார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் 'டிக்'.

"அவ்வளவு கரண்டை இந்தப் பழைய வயர் தாங்குமா சார்?"

வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தார்கள். வாரம் தாண்டவில்லை, மறுபடியும் 'டிக்'. பேட்டரி டெர்மினல் எப்படியோ லூசாகிவிடுகிறது என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தான். கிழட்டு வண்டி, ஆடுகிற ஆட்டத்துக்கு லூசாகாமல் என்ன செய்யும் என்றார் வாத்தியார். கடைசியில் பேட்டரியையே பின்னால் டிக்கிக்குள் மாற்றிப் பூட்டினார்கள்.

மறுநாள் சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையோடு கண்ணாடியில் பார்த்தார். சட்டைக் கையை மடித்தபடி வாசலில் நின்றிருந்த தம்பி, மெல்ல மடிப்பைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனான்.

அன்று பள்ளியில் அவருக்கு ஒரு கோடுகூட நேராக வரவில்லை. ஏழு வருஷமாகத் தம்பி முகத்தைப் பார்த்தது அந்தக் கண்ணாடியில்தான். இனி அதுவும் இல்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் காலை யாரும் பார்க்காத நேரத்தில் டிக்கியைத் திறந்தார். பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' கூட இல்லை.

தம்பி ஓடிவந்தான். தள்ளினான். தெருமுனை போயிற்று, பெரிய ரோடும் வந்துவிட்டது. எஞ்சின் முனகக்கூட இல்லை.

மூச்சு வாங்க நின்ற தம்பி, ஜன்னலருகே வந்து குனிந்தான்.

"முழுசாக் கழட்டக் கூடாதுண்ணா. லேசா லூசாக்கி விட்டாப் போதும். இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் விட்டேன்."