மெத்தைக்காரரின் புரட்சி ஆல்பம்

மைத்துனரை மெத்தைக்காரர் கடைசியாக உயிரோடு பார்த்தது டயர் கடை வாசலில். மைத்துனர் ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட சக்கர வளையங்களை இரண்டு ஸ்பானரால் அடித்துக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் சுற்றிலும் காத்துக்கிடந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் வாய்க்குள் திட்டினார்கள். மைத்துனருக்கு இரண்டுமே கைதட்டல்தான்.

"டிரம்ஸ் எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு மாப்பிள்ளை," என்று ஒரு பென் டிரைவை நீட்டினார். "முழு ராக் ஆல்பத்துக்கும் ஆச்சு. ஒரு பாட்டு இடி மாதிரி. அடுத்தது தொட்டில் ஆட்டுற மாதிரி. அதுக்கடுத்தது கல்யாண பேண்டு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது."

"எதைப் பத்தி மச்சான்?"

"எல்லாமே ஒரே விஷயம்தான். எவனுக்கும் பணியாதே. விழுந்தா எந்திரி. அவ்வளவுதான். நடுநடுவுல இடம் விட்டிருக்கேன். அங்கதான் பாட்டு வரணும்."

"யார் பாடப் போறா?"

"அதைத்தான் யோசிக்கணும்," என்று ஸ்பானரால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார். அதுவும் மாப்பிள்ளை கடையில் வாங்கிய மெத்தையில். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் "எவ்வளவு நிம்மதியான முகம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் சரக்குக்கு ஒரே நாளில் அத்தனை பேர் நற்சான்று கொடுத்தது அதுதான் முதல் தடவை. அழுதுகொண்டேதான் அதைக் கவனித்தார். ஆனாலும் கவனித்தார்.

தெருவில் அவருக்குப் பெயர் மெத்தைக்காரர். வீட்டில் "என்னங்க". கடைக்கு வருகிறவர்களைப் படுக்கவைப்பது அவர் தொழில். "சும்மா படுத்துப் பாருங்க... தோளைத் தளர விடுங்க... மூச்சை மெதுவா இழுங்க..." என்று பஞ்சு மாதிரி பேசிப் பேசி, குரலே பஞ்சாகிவிட்டது. அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. அந்த அம்மாள் "பிரேக்!" என்று ஒரு சத்தம் போட்டால், மாணவன் மட்டுமல்ல, எதிரே வருகிற பஸ்ஸும் நிற்கும். இப்படிப்பட்ட இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். யார் ஓட்டினார்கள், யார் படுத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

டயர் கடையை மாதக் கடைசியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுவது என்று மைத்துனரின் மனைவி முடிவு செய்திருந்தார். கடையின் வேனை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். "அதை நானே ஓட்டிக்கறேன்," என்றார். அதுவரை அவர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கடைசி நாள் சாயங்காலம் பழைய வாடிக்கையாளர்களும், மைத்துனரோடு பேண்டில் வாசித்தவர்களும் கடைக்கு வருவதாக ஏற்பாடு. ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் மைத்துனரின் ஆல்பத்தைப் போட்டுக் கேட்க வேண்டும். அதற்குள் பாட்டு வராவிட்டால், அவர் அடித்த அடியெல்லாம் பென் டிரைவுக்குள்ளேயே கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான்.

மெத்தைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். நான் பாடுவேன் என்று தீர்மானித்தார். மச்சானுக்காக என்று வெளியில் சொன்னார். உள்ளுக்குள் இன்னொரு காரணம் இருந்தது. யாருக்கும் பணியாதே என்று ஊர் கேட்கக் கத்துவதற்கு, கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. இப்போது வாய்த்திருக்கிறது. அதுவும் டிரம்ஸோடு.

கடையிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து ஸ்டோர் ரூம் சுவர் முழுக்கச் சாத்தினார்.

"என்னங்க இது? மெத்தையெல்லாம் எதுக்கு எந்திரிச்சு நிக்குது?"

"ஸ்டுடியோ."

"யாருக்கு?"

"எனக்கு. மச்சானோட ஆல்பத்துக்கு நான்தான் பாடப் போறேன்."

மனைவி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்பப் பார்க்கிற மாணவனைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஆல்பத்துக்குப் பேரு?"

"குனியாத முதுகு."

"முதுகு வலி மெத்தைக்கு விளம்பரம் மாதிரி இருக்கு."

"கிண்டல் பண்ணாதே. இனிமே நான் பழைய ஆள் இல்ல. யார் சொன்னாலும் கேக்கிறதா இல்ல."

"யார் சொன்னாலுமா?"

"யார் சொன்னாலும்!"

"நல்லது. ஒட்டடை அடிச்சுட்டுப் பாடுங்க, தும்மல் வரும்," என்று சொல்லிவிட்டு மனைவி போய்விட்டார். அவர் ஒட்டடை அடித்தார். அது சுகாதாரம் சம்பந்தப்பட்ட விஷயம், பணிவு அல்ல என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டார்.

முதல் ஒத்திகை நடந்தது. இடி மாதிரி டிரம்ஸ் முழங்கியது. இடைவெளி வந்தது. மெத்தைக்காரர் முஷ்டியை உயர்த்தி, "பணிய மாட்டேன்... எழுந்து நிற்பேன்..." என்று கர்ஜித்தார். கர்ஜித்ததாக நினைத்தார். வாயிலிருந்து வந்தது, "தோளைத் தளர விடுங்க"வின் தங்கச்சி. அது வந்து சேர்வதற்குள் இடைவெளியும் முடிந்து டிரம்ஸ் தொடங்கிவிட்டது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"சார், நேத்து நீங்கதானே பாடினீங்க?"

"ஆமாம் டாக்டர். பிடிச்சுதா?"

"எனக்கு மத்தியானத் தூக்கம் வந்து வருஷக்கணக்காச்சு சார். நேத்து அசந்துட்டேன். தினமும் பாடுவீங்களா?"

பெரிய கலைஞர்களை முதலில் யாரும் புரிந்துகொள்வதில்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒலிப்பதிவுக்கு மைத்துனரின் மகள் வந்தாள். வானொலி நிலையத்தில் அதுதான் அவளுக்கு வேலை. அவர் வாய்க்கு நேரே ஒரு மைக்கை நிறுத்தினாள். பிறகு அத்தையும் மருமகளும் சமையலறைக்குள் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவள் ஜன்னலுக்கு வெளியே இருந்த பூந்தொட்டியில் இன்னொரு மைக்கைச் செருகினாள்.

"அது எதுக்கும்மா?"

"அது... காத்துக்கு மாமா. இயற்கையா இருக்கும்."

நாலும் தெரிந்தவர் மாதிரி அவர் தலையாட்டினார்.

பின்னாலேயே மனைவி வந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்றேங்க. ஜன்னலை மூடிட்டுப் பாடுங்க. டிரம்ஸை ஸ்பீக்கர்ல போடாதீங்க, காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க. வாசல்ல நான் அண்ணிக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கப் போறேன். தொந்தரவா இருக்கும்."

மெத்தைக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சரித்திரம் இப்படித்தான் திடீரென்று வந்து கதவைத் தட்டும் போலிருக்கிறது.

"முடியாது," என்றார்.

"என்னது?"

"ஜன்னலை மூட முடியாது. ஸ்பீக்கர்லதான் போடுவேன். முழுச் சத்தத்துல போடுவேன்."

மருமகள் திரும்பிக்கொண்டு இருமினாள். மனைவியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சரி. உங்க இஷ்டம்," என்றார்.

அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "உங்க இஷ்டம்" என்று அந்த அம்மாள் சொன்ன எந்த விஷயத்திலும் அவர் இஷ்டம் நடந்ததாக வரலாறு இல்லை. ஆனால் வென்றவனுக்கு வரலாறு ஞாபகம் இருப்பதில்லை.

அந்த மாதம் ஞாயிறுதோறும் இப்படித்தான் போயிற்று. உள்ளே ஸ்பீக்கர் அதிரும், மெத்தைகளுக்கு நடுவே அவர் வியர்த்து வடிந்து புரட்சி செய்வார். வெளியே வேன் உறுமும், நிற்கும், குதிக்கும். மனைவி கத்துவார். கத்தட்டும் என்று மெத்தைக்காரர் சந்தோஷப்பட்டார். தொந்தரவு என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா?

கடைசி நாள் வந்தது. டயர் கடை நிறையக் கூட்டம். லாரி ஓட்டுபவர்கள், பேண்டு வாசிப்பவர்கள், கடன் சொல்லிப் பஞ்சர் ஒட்டியவர்கள். எல்லாருக்கும் முன்னால், அந்த வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மெத்தைக்காரர். மருமகள் பட்டனைத் தட்டினாள்.

இடி இறங்கியது. கடையின் தகரக் கூரை நடுங்கியது. முதல் இடைவெளி வந்தது. மெத்தைக்காரர் தன் குரலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிளட்ச்! கிளட்ச்சை விடாதீங்க அண்ணி!"

கண்ணைத் திறந்தார். ஏதோ தவறு நடந்துவிட்டது. மருமகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். மருமகள் கூரையைப் பார்த்தாள். மறுபடி டிரம்ஸ். மறுபடி இடைவெளி.

"நின்னா நிக்கட்டும்! மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க!"

ஒரு லாரி டிரைவர் விசில் அடித்தார். குரல் ஒவ்வொன்றும் இடைவெளிக்குள் ஆணி அடித்த மாதிரி போய் இறங்கியது. ஒரு மயிரிழைகூட முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கல்யாண பேண்டுப் பாட்டு வந்தபோது, "ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும் அண்ணி! ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஸ்பீக்கர் கேட்டது. அடுத்த இடைவெளியில் கடையே சேர்ந்து அதையே கேட்டது. பேண்டுக்காரர்கள் ஆடினார்கள். கடன்காரர்கள் அவர்களைவிட நன்றாக ஆடினார்கள்.

பிறகு தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரு தாளம். அதற்கு மேல் மைத்துனர் மனைவியின் குரல், மெல்ல. "அவர் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா உங்களை இந்த வண்டியைத் தொட விட்டிருக்க மாட்டார் அண்ணி. ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். நீங்க பாட்டுக்குப் போங்க."

கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். மைத்துனர் மனைவி ஒரு டயரின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மெத்தைக்காரர் மனைவியை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என் குரல் எங்கே?"

"மெத்தை முழுங்கிடுச்சுங்க."

"ஜன்னலை மூடச் சொன்னது நீதானே?"

"ஆமா. மூடினீங்களா?"

"ஸ்பீக்கர்ல போடாதேன்னு..."

"சொன்னேன். கேட்டீங்களா? நீங்கதான் யாருக்கும் பணியாத ஆளாச்சே."

"திறந்து வையுங்கன்னு நேரா சொல்லியிருந்தா என்ன?"

"மூடியிருப்பீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். மூடித்தான் இருப்பார்.

"அண்ணன் அடிச்சதுக்கு மேல நீங்க பாடினா, அண்ணனுக்கு ரெண்டாவது தடவை தூக்கம் வந்திடும்," என்றார் மனைவி. பிறகு குரல் இறங்கியது. "சின்ன வயசுல அண்ணன் டின்னுல அடிக்கும்போது நடுவுல நான்தான் கத்துவேன். எங்க நிறுத்தும், எங்க எடுக்கும்னு எனக்குத் தெரியும். பல வருஷமாச்சு, மறந்து போயிருக்கும்னு நினைச்சேன். ஜன்னல் வழியா அந்தச் சத்தம் வந்ததும் வாய் தானா திறந்துக்கிச்சு."

மெத்தைக்காரர் பதில் ஏதோ தயார் செய்தார். அது தயாராவதற்குள் இடைவெளி முடிந்துவிட்டது. மனைவி கூட்டத்துக்குள் போய்விட்டார்.

ஷட்டர் இறங்கியது. சாவியைக் கொடுத்துவிட்டு மைத்துனர் மனைவி வேனில் தனியாக ஏறினார். தெருமுனையில் வண்டி நின்றுபோயிற்று. பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரனில் கையை வைத்தார். அவருக்கு அன்று நேரம் சரியில்லை. "மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று ஒரு கடை ஜனம் மொத்தமாகக் கத்தியதில் அவர் தன் வண்டியையே அணைத்துவிட்டார். வேன் ஒரு குதி குதித்து, முனை திரும்பிப் போய்விட்டது.

டயர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆல்பம் இருக்கிறது. தெருவில் பல பேர் வைத்திருக்கிறார்கள். அதில் மெத்தைக்காரரின் குரல் என்று மிச்சம் இருப்பது கடைசிப் பாட்டின் கடைசி இடைவெளியில் மட்டும்தான். "என்னங்க, அண்ணிக்குக் குடிக்கத் தண்ணி!" என்று வெளியிலிருந்து மனைவி கூப்பிடுகிறார். மெத்தைகளுக்கு உள்ளேயிருந்து, முதல் தடவையாகத் தாளம் பிசகாமல், பதில் வருகிறது: "இதோ வந்துட்டேன்மா."