தோற்ற கட்சிக்கு என் நன்றி

திண்டிவனம் வட்டாரத்திலேயே பெரிய முட்டாள் நான்தான் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் எனக்கு முதலிடம் கிடைக்கவில்லை. எனக்குச் சமமாக இன்னொருவர் இருந்தார். அவர் பிற்பாதியில் தலைகாட்டுவார். (பாதித் தலையைத்தான் காட்டுவார்.)

தொண்ணூறுகளில் திண்டிவனத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். தேர்தல் வந்தால் விழுப்புரம் முதல் மரக்காணம் வரை எந்தக் கட்சி மீட்டிங் என்றாலும் நாங்கள்தான் ஸ்பீக்கர் கட்டுவோம். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஜனங்களின் முகம் நேருக்கு நேர் தெரியும். பேசுகிறவர்கூட சீட்டைப் பார்த்துப் பேசுவார், நான் கூட்டத்தையே பார்ப்பேன். அதனால் நாட்டின் நாடித்துடிப்பு என் கையில் இருப்பதாக ஒரு மிதப்பு. கைதட்டலின் சத்தத்தை வைத்தே யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

அந்தத் தேர்தலில் ஒரு கட்சிதான் வரும் என்று அடித்துச் சொன்னேன். எந்தக் கட்சி என்று இங்கே எழுத மாட்டேன், இரண்டிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் கடைக்கு எதிரே சலூன் வைத்திருந்த கன்னியப்பன் அண்ணன், கத்தியைத் தீட்டிக்கொண்டே, அது வராது என்றார்.

"மரக்காணத்துல கூட்டத்த பாத்தியாண்ணே? கை தட்டுனதுல ஆம்ப்ளிபயரே அதிருது."

"தட்டுன கைதான் குத்துற கைன்னு உனக்கு எவன் சொன்னான் தம்பி?"

எங்கள் பக்கம் தேர்தல் பந்தயத்துக்குக் காசு வைத்தால் மதிப்பில்லை. முடியை வைக்க வேண்டும். நான் பாதி மீசையை வைத்தேன். தோற்றால் ஒரு பக்கம் சிரைத்துக்கொண்டு அடுத்த அமாவாசை வரை அப்படியே திரிய வேண்டும். இதை இரண்டு பேரோடு முடித்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அப்போது கடை வாசலில் ஒரு மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஹலோ, ஒன், டூ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பந்தயத்தை முழுசாகச் சொல்லிவிட்டேன். தெரு முழுக்கச் சாட்சி.

முடிவு வந்தது. என் கட்சி எந்தத் தொகுதியில் தேறியது என்று தேடிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அமாவாசை போன கையோடு முடிவு வந்திருந்தது. அதாவது நிலா முழுசாக வளர்ந்து, முழுசாகத் தேய்கிற வரைக்கும் எனக்குப் பாதி மீசை. பந்தயம் கட்டுகிறவன் காலண்டர் பார்க்க வேண்டாமா? கன்னியப்பன் அண்ணன் பாவம், நல்ல மனுஷன். புது பிளேடு போட்டு, வலிக்காமல் எடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் என் முகத்தைப் பார்த்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வர்ற வெள்ளிக்கிழமை கிளியனூரில் எனக்குப் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது. வளர்பிறை, தள்ளிப்போட முடியாது. அதற்கு முன்னால் பார்த்த இடமெல்லாம், ராத்திரியானால் கம்பம் ஏறிக்கினு இருக்கிறவனுக்கா பெண் என்று கைவிரித்திருந்தார்கள். சரி வாங்க, வந்து பாருங்க என்று சொன்ன ஒரே வீடு இதுதான்.

மீதியையும் எடுத்துடு என்று அம்மா கெஞ்சினாள். மைக்கில் சொன்ன வார்த்தை, எடுத்தால் தெருவில் நடக்க முடியாது என்றேன். இப்ப மட்டும் நடக்க முடியுதா என்று கேட்டாள். கடைசியில் அவளே வழி சொன்னாள். எனக்குப் பல் வலி. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார வேண்டியது, பேச்சை அவள் பார்த்துக்கொள்வாள்.

கிளியனூர் வீட்டில் பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி, வாட்டசாட்டமான ஆள். தலையில் பெரிய துண்டாக முண்டாசு கட்டியிருந்தார். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனாலும் முண்டாசை அவிழ்க்கவில்லை. (நான் என் கைக்குட்டை கவலையில் இருந்தேன். அடுத்தவர் துணியை எங்கே கவனிப்பது?)

பெண் கேசரித் தட்டோடு வந்தாள். பேர் செல்வி. நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. பல் வலி என்று கேள்விப்பட்டதும் அவளுடைய அம்மா உள்ளே ஓடிப் போய் கிராம்புத் தைலமும் பஞ்சும் எடுத்துவந்து, வாயைத் திறக்கச் சொன்னார். நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் பஞ்சோடு முன்னுக்கு வந்தார். நாற்காலி சுவரில் முட்டியது, இனிப் போக இடமில்லை.

பக்கவாட்டில் நின்ற செல்வி அமைதியாகச் சொன்னாள்: "அம்மா, அவருக்குப் பல்லு நல்லாத்தான் இருக்குது. மீசைலதான் ஏதோ கோளாறு."

கைக்குட்டையை எடுத்தேன். என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் ஆயுசில் அவ்வளவு அமைதியான ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கல்யாணம் போச்சு, இனி காலம் பூராவும் மைக் செட்தான் நமக்குக் குடும்பம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பெண்ணின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தயமா?"

"ஆமாங்க."

"எந்தக் கட்சிக்கு?"

சொன்னேன். அவர் மெல்ல முண்டாசை அவிழ்த்தார். ஒரு பாதித் தலையில் சுருட்டை முடி. மறுபாதி, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணம்.

"பங்காளி கிட்ட கட்டித் தொலச்சேன். நீங்க பாத்துட்டு சிரிச்சிக்கினே எழுந்து போயிட்டா எம் பொண்ணு கதி இன்னாவுறதுன்னு ராவெல்லாம் தூக்கமில்ல மாப்ளே."

மாப்ளே என்ற அந்தச் சொல்லில்தான் என் கல்யாணம் நிச்சயமானது. அம்மா முந்தானைக்குள் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இரண்டு அறிவாளிகளும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, கணக்கு எங்கே தப்பியது என்று அலசினோம். அவரும் அதே மரக்காணம் கூட்டத்தைப் பார்த்துத்தான் தலையைப் பந்தயம் வைத்திருக்கிறார். அத்தனை கைதட்டல் பொய்யாகுமா?

"அந்த மீட்டிங்கா?" என்றார் என் வருங்கால மாமியார், தைலத்தை மூடிக்கொண்டே. "எங்க தெருவே வேன்ல போனமே. மக்யாநாளு விடிஞ்சதும் அடுத்த கட்சி மீட்டிங்குக்கும் நாங்கதான் போனோம்."

மாமனார் வாயைப் பிளந்தார். கட்டிய புருஷனுக்கே அப்போதுதான் தெரிகிறது. நான் மெல்ல, ஓட்டு யாருக்குப் போட்டீங்க அத்தே என்று கேட்டேன்.

"கேசரி ஆறுது, சாப்டுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்துவிட்டது. வீட்டில் யாரிடம் ஓட்டைப் பற்றிக் கேட்டாலும், பிள்ளைகள்கூட, கேசரி ஆறுது என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்தக் கட்சி ஜெயித்திருந்தால் முழு மீசையோடு போயிருப்பேன். எல்லா வீட்டையும் போல இவர்களும் ஒரு தரம் பார்த்துவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லியிருப்பார்கள். தோற்றுப்போய் எனக்கு ஒரு குடும்பத்தையே கொடுத்த கட்சி அது. அதன் ஊர்வலம் எங்கள் தெருவில் போனால் இன்றைக்கும் எழுந்து நின்று கும்பிடுகிறேன். (ஓட்டுப் போடுகிறேனா என்று கேட்காதீர்கள். கேசரி ஆறுது.)

போன தேர்தலின்போது செல்வியிடம் மனசு உருகிப் பேசினேன். அந்தக் கோலத்தில் வந்தவனை வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் வேண்டாமென்றிருப்பாள், நீ எதைப் பார்த்து சரியென்று சொன்னாய், அந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன் என்று கேட்டேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு ஒரு தொணை வேணாமா?"