ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பு குறையவில்லை என்பது பற்றிச் சிரம்பான் மைத்துனருக்கு

ரேஸ் கோர்ஸ் ரோடு,
சிங்கப்பூர்.
14 ஜூன் 1962

மதிப்பிற்குரிய மைத்துனர் சேதுபதி அவர்களுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும், சகோதரி மங்களமும், உங்களிடம் வந்து தங்கியிருக்கும் என் மனைவி சந்திரமதியும் அங்கே நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. "சந்திரமதி வந்து எட்டு நாள் ஆகிறது. என்னம்மா விஷயம் என்று கேட்டால், 'அந்தக் காரையே கேட்டுக்கோ அண்ணா' என்கிறாள். என்ன கார்?" என்று எழுதியிருக்கிறீர்கள். இதிலிருந்தே விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. என் ஓய்வுப் பணத்தில் காருக்குக் கொடுத்த ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கரைந்துவிடுமோ என்று அவள் பயப்படுகிறாள். நியாயமான பயம்தான். முப்பத்தொரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கீழே எழுதுவதை நீங்கள் அவளுக்கு நிதானமாக வாசித்துக் காட்டினால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கார் பச்சை நிறம். கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். சாங்கி விமானப்படைத் தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கினேன். எல்லாரும் கேட்கிற கேள்வி, பழைய காரின் விலை இறங்காதா என்பது. சாதாரணக் காருக்கு இறங்கும். ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் முழு விலை, அடுத்த வருடம் பாதி, அதற்கடுத்த வருடம் கடலை மடிக்கத்தான் ஆகும். அதே புத்தகம் இனி அச்சில் வராது என்று ஒருமுறை தெரியட்டும், பையன்கள் வீடு தேடி வந்து கேட்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார் அச்சில் இல்லாத புத்தகம். இதைச் சந்திரமதியிடம் சொன்னபோது, "அப்போ அதுல ரெண்டு பக்கம்தான் இருக்கு போல" என்றாள். அவளுடைய நகைச்சுவை உங்களுக்குத் தெரியாததா?

புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் இருக்கைகளுக்குக் காக்கித்தாள் உறை போட்டேன். முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது அவள் தலையில் இருந்த மல்லிகை முழுவதும் சிராங்கூன் ரோட்டில் போய்விட்டது. பின்னால் வந்த டாக்சிக்காரர் அதில் ஒரு முழத்தைப் பொறுக்கி எடுத்துவந்து கொடுத்தார், நல்ல மனிதர். இரண்டாவது வெள்ளிக்கிழமை மழை. மேலே விரிக்க ஒரு துணி மூடி இருக்கிறது, அதை மாட்ட இரண்டு ஆள் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம் ஆகும். மழை அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. காக்கித்தாள் கரைந்து அவள் சேலையில் ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கு வந்து உரித்தோம். ஆனால் மச்சான், இதெல்லாம் உபயோகம் பற்றிய குறைகள். முதலீட்டுக்கும் உபயோகத்துக்கும் சம்பந்தம் இல்லை. தங்கத்தை வாங்கினால் அதில் ஏறிக் கோயிலுக்குப் போக முடியுமா?

எஞ்சின் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அருமையாக ஓடும். நின்றால்தான் நாலு பேர் தள்ள வேண்டும். ஜாலான் புசாரில் அப்துல் ஹமீது என்று ஒரு மெக்கானிக், நம்பிக்கையான ஆள். திறந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, கவலைப்படாதீங்க லா. எஞ்சினும் கியரும்தான் போச்சு. மத்தபடி வண்டி நல்ல வண்டி" என்றார். ஹாரனை அமுக்கிக் காட்டினார். உண்மையிலேயே நல்ல ஹாரன்.

இப்போது விலைக்கு வருகிறேன். வாங்கிய முதல் வாரமே ஒருவர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டார். அடுத்த வாரம் இருவர் வந்து ஆயிரத்து இருநூறு என்றார்கள். போன வாரம் நாலு பேர் வந்தார்கள், தொள்ளாயிரம். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் விலை இறங்குகிறது என்பார்கள். கேட்டு வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்! ஒன்று, இரண்டு, நான்கு. இந்தக் கணக்கில் அடுத்த மாதம் என் வீட்டுக்கு முன்னால் போலீஸ் நிற்க வேண்டியிருக்கும். எண்பது மார்க் வாங்கிய பையன் அறுபது வாங்கினான், பிறகு நாற்பது வாங்கினான் என்று வையுங்கள். முப்பத்தைந்துக்கு மேல்தானே? இன்னும் பாஸ்தான். நான் எத்தனையோ அப்பாக்களுக்கு இதைச் சொல்லி மனதைத் தேற்றியிருக்கிறேன்.

ஆகவே கார் சந்திரமதியின் கவலைக்குக் காரணமாக இருக்க நியாயமே இல்லை. போன வாரம் கல்யாணத்துக்குப் போன அன்று ஒரு சின்னச் சம்பவம் நடந்தது, அதை அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. முழுமைக்காக நானே எழுதிவிடுகிறேன். என் பழைய மாணவன் தங்கராஜுவுக்குத் தேங்க் ரோடு முருகன் கோயிலில் கல்யாணம். காலையில் எங்கள் பழைய தலைமையாசிரியர் ஆம்ப்ரோஸ் சாரிடமிருந்து ஆள் வந்தது. முழங்கால் வலி, நான் காரில் கூட்டிப் போக முடியுமா என்று. அவர் கேட்டு நான் முடியாது என்பதா? காரில் இருப்பது இரண்டே இடம். சந்திரமதி, "பெரியவரு கேக்குறாரு, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நான் பஸ்ல போறேன்" என்றாள். அவளேதான் சொன்னாள், மச்சான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பழம், வெற்றிலைபாக்கு, மாப்பிள்ளைக்கு வேட்டி எல்லாம் வைத்த வரிசைத் தட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். நான் அப்பர் சிராங்கூன் போய், அங்கே நாலு பேர் தள்ளிவிட, சாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். "வீட்டம்மா வரலையா?" என்றார். அவர் மனம் சங்கடப்படக்கூடாதே என்று, "முன்னாடியே போயிட்டாங்க சார்" என்றேன்.

திரும்பி வருகிறபோது அந்த நிறுத்தத்தில் அவள் இன்னும் நிற்கிறாள். நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது, வந்த பஸ் எல்லாம் நிறைந்து வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையை உயர்த்தினாள். தட்டையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் இருக்கும். நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும், சாரை இறக்கித் தள்ளச் சொல்ல முடியுமா? போய்விடலாம் என்று பார்த்தால் முன்னால் ஒரு ட்ரைஷாக்காரர் மிதித்துக்கொண்டு ஆடி அசைந்து போகிறார். ஊர்ந்தபடியே அவளுக்கு நேராக வந்துவிட்டோம். சார் கேட்டார், "யாரோ ஒரு அம்மா தட்டோட கை காட்டுறாங்களே, உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியல சார். பஸ்ஸுக்குக் கை காட்டுறாங்க போல" என்றேன்.

சாருக்குக் காது மந்தம். "என்னது?" என்றார். அதனால் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற குரலில் மறுபடியும் சொன்னேன். கூரை இல்லாத கார். நிறுத்தத்தில் பதினைந்து பேராவது இருப்பார்கள், அதில் எங்கள் தெரு பூவம்மாவும் ஒருத்தி.

கல்யாணத்தில் சந்திரமதி எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். என்னிடம் மட்டும், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரப் போனபோது, "நீங்க யாருன்னு தெரியலையே" என்றாள். மறுநாள் காலை ரயில் ஏறிவிட்டாள். இது பெரிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. விலை பற்றிய பயம் தீர்ந்தால் மனசு தானாகவே லேசாகிவிடும், மச்சான். ஆயிரத்து எண்ணூறுக்கு ஒரு வெள்ளி குறைந்தாலும் நான் விற்பதாக இல்லை என்று அவளிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல கையெழுத்தோடு நீண்ட நாள் வாழ என் ஆசிகள். சந்திரமதிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மருதப்பன்

பின்குறிப்பு: 16 ஜூன், சனிக்கிழமை. தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இன்று காலை ஆம்ப்ரோஸ் சார் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். காபி போட ஆள் இல்லாததால் நானே போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கீழே வைத்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சார், அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னது என் மனைவி" என்று கத்தினேன்.

"ஏன்யா கத்துறே? எனக்குக் காதுதான் மந்தம், கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். "உங்க கல்யாணத்துல நான் சாப்பிட்டிருக்கேன். அந்த அம்மாவ எனக்குத் தெரியாதா? நீ இப்ப சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு தேங்க் ரோடு வரைக்கும் பாத்தேன். ரெண்டு வாரமாகப் போகுது. அதான் நானே வந்தேன்."

காரை மத்தியானம் அப்துல் ஹமீதிடமே கொடுத்துவிட்டேன். நானூற்று ஐம்பது வெள்ளி. ஆகவே மேலே எழுதியிருக்கும் விலை, மார்க், புத்தகம் எதையும் அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். பூவம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன், "அது எங்களுக்குத் தெரியும்லா சார், சந்திரமதியக்காகிட்ட சொல்லுங்க" என்றாள். திங்கட்கிழமை காலை ரயிலில் சிரம்பான் வருகிறேன். போக ஒரு டிக்கெட், திரும்பி வர இரண்டு எடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு அவள் வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், மச்சான். நான் உங்கள் வீட்டுக்கே வந்து, அவள் கதவைத் திறக்கிறவரை வெளியே இருக்கிறேன். மங்களத்திடம் சொல்லி ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள். வேண்டாம், நாற்காலி வேண்டாம். அவள் அன்றைக்கு நின்றுகொண்டுதான் இருந்தாள்.