புகையே இல்லாத எங்கள் கார்

காலை ஏழு இருபதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. மகளை உயர்தரப் பரீட்சைக்காக எங்கள் பழைய டீசல் காரில் ஏற்றிக்கொண்டு கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டேன். யுத்தத்தின் கடைசி வருடங்கள். மகாவலி ஆற்றிலிருந்து எழுந்த பனியில் வீடுகள் மிதந்தன. மகள் கண்மூடிப் பாடம் முணுமுணுத்தாள். காருக்குப் பின்னால் மட்டும் பனி கறுப்பாக இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் புவியியல் ஆசிரியை. 'சட்டம் போட்டால் போதாது, அலுவலகங்கள் ஒழுங்காக இயங்கும் நாட்டில்தான் கரியமில வாயு குறையும்' என்று வகுப்பில் முழங்குகிறவள். ஆனால் புகைப் பரிசோதனைக்குக் காரை அனுப்பவில்லை. வாகனப் புத்தகத்தை மட்டும் அனுப்பினேன். (அப்போது எல்லோரும் அப்படித்தான். யாருடையதோ புதிய கார் நம் பெயரில் மூச்சு விடும்.) சான்றிதழ் கைக்கு வந்ததும் எஞ்சினும் திருந்திவிட்டதாக உண்மையாகவே நம்பினேன்.

பேராதனைச் சோதனைச் சாவடியில் காரை நிறுத்தினேன். புகை நிற்கவில்லை. மணல் மூட்டைகளும் துப்பாக்கிகளும் மெல்லக் கரைந்தன.

"எஞ்சினை நிப்பாட்டுங்க!" என்று ஒரு குரல் இருமியது.

நிறுத்தினேன். அதோடு அது மறுபடி இயங்கவே இல்லை.

புகைக்குள்ளிருந்து ஒரு பொலிஸ் சார்ஜன் தோன்றினார், தமிழ் பேசும் அலவத்துகொடைக்காரர்.

"என்ன மிஸ், இது காரா, கரிக்கோச்சி ரயிலா?"

அடையாள அட்டையை நீட்டவேண்டிய கை சான்றிதழை நீட்டியது. அவர் வாசித்தார். காரைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"புகையே இல்லண்டு போட்டிருக்கு. அப்ப நாங்க என்னத்துக்கு இருமுறோம்?"

"அம்மா, வகுப்பில சொல்றதை இவருக்கும் சொல்லுங்கோ," என்றாள் மகள். பிறகு குரல் உடைந்தது. "எட்டரைக்குப் பிறகு உள்ளுக்கு விடமாட்டினம்."

தமிழ்ப் பெயர், கார் நிறையப் புகை, சுற்றிலும் துப்பாக்கி. (மகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கே பதற்றம் தாங்கவில்லை.)

சார்ஜன் வோக்கிடோக்கியில் எதையோ பேசினார். சற்றைக்கெல்லாம் பொலிஸ் நிலையத்து ஜீப் வந்தது. அது கக்கிய கரும்புகையில் எங்கள் கார் முழுதாக மறைந்துபோனது.

"இதுக்குச் சான்றிதழ் இருக்கோ?" என்று கேட்டாள் மகள்.

சாரதி தலையை நீட்டிச் சொன்ன பதிலைத்தான் எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சட்டம் பேசினால் சொல்லிச் சிரிக்கிறோம்:

"அதெல்லாம் பொதுமக்களுக்கு, மகள். ஏறுங்க!"