பெண் பார்க்கப் போன காரின் வாசனை

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவனால் வண்டிக்கு ஆபத்தில்லை. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் போய்விடுவான். வண்டியோடு வரும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவன்தான் ஆபத்தானவன். நான் இரண்டு தடவை படித்திருந்தேன்.

1998, ஆவணி மாதம். சென்னையிலிருந்த என் சித்தப்பா மகன் வெளிநாடு போனபோது, தன் வெள்ளைக் காரை எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் விட்டுப் போனான். (ஓட்டாம கிடந்தா கெட்டுப் போகும்லா என்று நானே வலியக் கேட்டு வாங்கியது.) அப்போது சென்னையில் வந்த புதுக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற ஒன்று இருந்தது. புகைக் குழாயின் நடுவே ஒரு டப்பா. புகையில் உள்ள விஷத்தைக் குறைக்கும். அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அந்தப் பெட்ரோலோ இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

எங்கள் ஊர் பங்கில் பெட்ரோல் குழாய், டாங்க்கின் வாய்க்குள் நுழையவே இல்லை. தப்பான பெட்ரோலைத் தடுப்பதற்காகவே வாயைச் சிறிதாக வைத்திருக்கிறோம் என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் யோசித்தேன். அதெல்லாம் மெட்ராஸ் புகைக்கு. தாமிரபரணிக் காற்றுக்கு எதற்கு? ஒரு புனல் வாங்கினேன்.

அந்த டப்பா கெட்டுப் போவதன் அறிகுறிகளும் எனக்கு மனப்பாடம். அழுகிய முட்டை நாற்றம் வரும். வண்டி இழுக்காது. அடியில் அனலாய்க் கொதிக்கும். கடைசியில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம் கேட்கும். ஒரே ஒரு சிக்கல்: நாங்கள் பரம்பரையாகச் சுத்த சைவம். அழுகிய முட்டை இருக்கட்டும், நல்ல முட்டையின் வாசனையே அறியாத மூக்கு எங்களுடையது.

இந்த ஞானத்தோடுதான் நான் விக்கிரமசிங்கபுரத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினேன். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தது. “இதுவும் போச்சுன்னா இனிமே தரகர் நம்ம தெருப்பக்கமே வரமாட்டாரு” என்று அம்மா எச்சரித்திருந்தாள். முன்சீட்டில் அப்பா. பின்னால் அம்மாவும், தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற பெரியப்பாவும்.

பேட்டை தாண்டியதும் அது வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அப்பா மெதுவாகத் திரும்பி, “அண்ணே, காலையில என்ன சாப்ட்டிய?” என்றார்.

“ரெண்டு இட்லி. ஏன்?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

கண்ணாடிகளை இறக்கினோம். சேரன்மகாதேவியில் மறுபடியும் வந்தது. இந்த முறை நானே தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டேன்.

“ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டுல! என்னை ஏம்ல பாக்கே?” பெரியப்பாவின் குரல் உடைந்தது. “முப்பது வருசம் சர்க்கார் உத்தியோகம் பாத்தவன்லே நான். ஒருத்தன் என்னை ஒரு சொல் சொன்னதில்ல!”

அம்பாசமுத்திரம் கடந்ததும் வண்டி திணறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் பெருமூச்சு விட்டது, நகரவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருவர், “பைய வாங்க அண்ணாச்சி” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பெண் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் சருகுக் குவியல் மேல் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில், ஓடவிட்டபடியே உள்ளே போய் உட்கார்ந்தேன். வண்டியின் பின்பக்கம் கூடத்து ஜன்னலைப் பார்த்திருந்தது. (சாஸ்திரப்படி எதுவும் பார்த்து நிறுத்தவில்லை. அதுவாக அமைந்தது.)

கேசரி வந்தது. கூடவே அந்த நாற்றமும் வந்தது. பெண்ணின் அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். பெண்ணின் சித்தி ஒருத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். அப்புறம் கூடமே பெரியப்பாவைப் பார்த்தது. கேசரியை வாயில் வைத்தபடி அந்த மனிதர் கண் கலங்கினார்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

“பெரியப்பா இல்ல. நான்தான்” என்றேன்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, பின்கட்டு வழியாகத் தெருவுக்கே ஓடிவிட்டாள். தரகரை இனி நம் தெருவில் பார்க்க முடியாது என்பது எனக்கு அப்போதே உறுதியாயிற்று.

காபித் தட்டோடு கதவருகே நின்றிருந்த பெண், கோமதி, காற்றை இரண்டு தடவை மோந்து பார்த்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். என்னைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை இது:

“வண்டிக்கு எங்கன பெட்ரோல் போடுதிய?”

“நம்ம ஊர் பங்க்லதான்.”

“மெட்ராஸ் வண்டியா?”

“ஆமா.”

கோமதி தன் அப்பா பக்கம் திரும்பினாள். “இது ஆள் வாடை இல்லப்பா. எங்க காலேஜ் லேப்ல தெனம் வரும். ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை.”

அழுகிய முட்டை! கையேட்டின் அந்தப் பக்கம் கண் முன்னால் விரிந்தது. “அப்படின்னா அடியில அனலாக் கொதிக்குமே!” என்று நான் கத்தவும், ஜன்னலில் புகை தெரியவும் சரியாக இருந்தது. சருகு பற்றிக்கொண்டது. கோமதி காபித் தட்டைப் பெரியப்பாவின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். கார் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்; வாளித் தண்ணீரைச் சருகில் ஊற்றினாள்; நெருப்பு அணைந்தது. அதோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளை சும்மா நிற்கலாமா? ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி, கொதிக்கிற டப்பாவின் மேலேயே வீசினேன். உஸ்ஸென்று ஆவி. ‘டப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டியை அசைத்தால் உள்ளே கல் குலுங்கியது. கடைசி அறிகுறியும் வந்தாயிற்று.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பெரியப்பா என் தோளில் கை போட்டபடியே வந்தார்.

மறுவாரம் பதில் வந்தது: சம்மதம். தன் அப்பாவிடம் கோமதி சொன்னது இதுதானாம்: “வண்டியப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியல. ஆனா பெரியவரு தலைகுனியக் கூடாதுன்னு அத்தனை பேர் முன்னால பழிய ஏத்துக்கிட்டாருல்லா. அது போதும்.”

ஆனால் சித்தி, ஹைட்ரஜன் சல்பைடு என்ற பேச்சு வருவதற்கு முன்பே தெருவுக்குப் போய், வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டாள். விளக்கம் அவளைத் துரத்திப் பிடிக்கவே இல்லை. இன்றைக்கும் நான் மாமனார் வீட்டுக்குப் போனால், எல்லோருக்கும் காபி வருகிறது. எனக்கு மட்டும் முதலில் ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர். “குடிங்க மாப்ள, வயித்துக்கு நல்லது” என்கிறாள் சித்தி. பக்கத்து வீட்டுக்காரர்கள் பரிவோடு தலையசைக்கிறார்கள்.

அந்தத் தெருவில் கெமிஸ்ட்ரி தெரிந்தவள் ஒருத்திதான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பாள்.